‘அடுத்த வெளியீடு’: படக்கதைக்கும் திரைக்கும் காத்திருந்த வரலாறு

காமிக்ஸ் எனப்படும் படக்கதையிலிருந்து உருவாகும் ஓர் அனிமேஷன் படத்துக்காக, அதாவது வரைந்த உருவங்களை அசையச் செய்து எடுக்கப்படும் படத்துக்காக, ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இணையமும் டிரெய்லரும் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் கடலாடி போன்ற தென்மாவட்டச் சிற்றூர்களின் வாசகர்களை மனத்தில் கொண்டு பார்த்தால், அந்தப் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதும், அதை வளர்த்தது படக்கதை தவணை தவணையாக வெளிவரும் முறையே என்பதும் விளங்கும்.

இந்த வரலாற்றின் இரு கிளைகளும் 1962ஆம் ஆண்டில் முளைத்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இதழொன்றில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ‘ஸ்பைடர்மேன்’ அமெரிக்காவில் அறிமுகமானார். அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வேறொரு நாயகனின் தொடர் தொடங்கியது. ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேல் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகுக் கையைப் பொருத்திக்கொண்டவர். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவர் முழுதும் மறைந்துபோவார், அந்த எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து செல்லும். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த இத்தொடரே தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆயிற்று.

சிவகாசியைச் சேர்ந்த சௌந்திரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு அதுதான். சிவகாசியும் கடலாடியும் அப்போது ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே அவை வெவ்வேறு மாவட்டங்களின் ஊர்களாயின. எனவே மாயாவி, கடலாடி வட்டாரத்து வாசகருக்குச் சொந்த மாவட்டத்துக்காரர் ஒருவர் கடல் கடந்து தேடிக்கொண்டுவந்த நாயகன்.

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பொறுப்பில் லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் புகழ்பெற்ற நாயகன் ஸ்பைடர், அமெரிக்க ஸ்பைடர்மேனோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரிட்டிஷ் பாத்திரம். குற்ற உலகை ஆளத் துடித்துப் பின்னர் நீதியின் பக்கம் திரும்பிய அவருடைய கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்த இதழ்களில் வரும் ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் இன்றைய டிரெய்லரின் வேலையைச் செய்தது: ஒரு படமும் சில வரிகளும் மட்டும் காட்டி, கதையை மறைத்து, அடுத்த இதழ் வரும்வரை வாசகரின் ஊகத்துக்கு இடம்விட்டது. கோடை மலரும் தீபாவளி மலரும் அந்த எதிர்பார்ப்பைக் கூட்டின. சந்தாவும் முன்பதிவும் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தன.

அமெரிக்கக் கிளையில், மைல்ஸ் மொராலஸ் என்ற புதிய ஸ்பைடர்மேன் 2011இல் படக்கதையில் தோன்றினார்; அவரை நாயகனாக்கி 2018இல் வெளிவந்த ‘இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இப்படம் கதையைப் படக்கதையிலிருந்து எடுத்ததோடு நில்லாமல் அச்சையே திரைக்குக் கொண்டுவந்தது. வண்ண அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே பதிக்கப்படுவதால், ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் சற்றே நகர்ந்தால் உருவத்தின் விளிம்பில் நிழல்போல் வேறு நிறம் தெரியும். சிவகாசி அச்சகத்தில் கழித்துப் போடப்படும் தாளில் காணப்படும் இந்தப் பிழையை, படத்தின் கலைஞர்கள் தொலைவிலுள்ள பொருள்களைக் காட்டும் உத்தியாக வேண்டுமென்றே பயன்படுத்தினர். மலிவு அச்சின் நிறப்புள்ளிகளும் கட்டங்களும் அவ்வாறே திரையேறின.

2023 ஜூனில் வெளிவந்த இரண்டாம் பாகமான ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் திரையிடப்பட்டது. அதில் இடம்பெற்ற பவித்ர் பிரபாகர், சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் 2004இல் படைத்த ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ படக்கதையின் நாயகன் என்பதால், இந்திய ரசிகர்களின் எதிர்பார்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததோ முடிவு அல்ல, வார இதழ்த் தொடரைப் போல நெருக்கடியின் உச்சத்தில் ‘தொடரும்’ என்று நிறுத்தப்பட்ட பாதிக் கதை. 2024 மார்ச்சில் வருவதாக இருந்த மூன்றாம் பாகம் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் 2027க்கு அறிவிக்கப்பட்டது.

இந்தத் தாமதத்தை ரசிகர்கள் கடிந்துகொண்டாலும் கைவிட்டுவிடவில்லை என்பதற்குக் காரணம் வரலாற்றிலேயே உள்ளது. படக்கதை வாசகர் பணம் கொடுத்து வாங்குவது ஒரு கதையின் முடிவை அன்று, அந்தக் கதையோடு தொடர்ந்து வாழும் உரிமையை. விடுபட்ட பகுதியை அவரே ஊகித்தும் நண்பரோடு வாதிட்டும் நிரப்பிக்கொள்வதால், இடைவெளியும் வாசிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மாயாவியின் அடுத்த வெளியீட்டை எதிர்நோக்கிய தலைமுறையும், மைல்ஸ் மொராலஸின் மூன்றாம் பாகத்தை எதிர்நோக்கும் தலைமுறையும் இவ்வகையில் ஒரே வாசக மரபைச் சேர்ந்தவை.