கீழ் பெர்த் யாருக்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் பேசிச் சென்ற இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு நாகபுரி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் என்னையும் பேசச் சொன்னது செயலாளரின் அன்பே தவிர, என் தகுதியன்று. இலக்கியம் பேச நான் கற்றவனல்லன். ஆகையால் எனக்குத் தெரிந்த ரயிலைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தேன். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குப் போய் வருபவர்கள் நாம். சென்னைக்கு இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்; அதற்கு அப்பாலும் மதுரை என்றும் நெல்லை என்றும் பலருக்கு வழி நீள்கின்றது. ஆகவே ரயில் பெட்டி நமக்கு இன்னொரு காலனி என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் காலனியில் நாம் எப்படிக் குடியிருக்கிறோம் என்பதே இன்றைய என் பேச்சு.

கேள்வி சிறியது. நாம் முறையாகப் பணம் கட்டி முன்பதிவு செய்த கீழ் பெர்த்தை, கருவுற்ற ஒரு பெண் கேட்டால் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? "இதற்கொரு சொற்பொழிவா? கொடுக்க வேண்டியதுதானே!" என்று நீங்கள் எண்ணுவீர்கள். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் ரயிலில் ஒரு முறை நான் அப்படி நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு வாயில்லை.

2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தம்பியின் திருமணத்திற்காகக் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரசில் தனியே புறப்பட்டேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. உடம்பில் நோய்நொடி எதுவும் இல்லை. முன்னதாகவே பதிவு செய்து கீழ் பெர்த் வாங்கியிருந்தேன். பல்லார்ஷாவில் ஓர் இளந்தம்பதியர் ஏறினார்கள். பெண்ணுக்கு எட்டாம் மாதம். தாய் வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறாள். அவளுக்கு எங்கள் பகுதியில் மேல் பெர்த்தும், கணவனுக்கு வேறொரு பெட்டியில் இடமும் கிடைத்திருந்தன. எதிர்க் கீழ் பெர்த்தில் எழுபது வயதை ஒட்டிய ஒரு தெலுங்குப் பாட்டி. முழங்கால் வலியால் எழுந்து நிற்கவே சிரமப்பட்டார். ஆகவே அந்தத் தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, இவளுக்கு மேலே ஏற முடியாது. நீங்கள் கொஞ்சம் மாறிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டான்.

"லோயர் பெர்த்தே வேண்டுமென்று நான் கேட்டு வாங்கினேன் தம்பி. டி.டி.ஈ. வந்தால் அவரிடம் சொல்லிப் பாருங்கள்" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவனும் வாதாடவில்லை. டி.டி.ஈ. வந்தார், எங்கும் இடம் காலியில்லை என்றார். இரவானதும் அந்தப் பெண் ஏணியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

வாரங்கல் தாண்டிய பிறகு அவள் இரண்டு முறை கழிவறைக்கு இறங்கி ஏறினாள். எட்டாம் மாதத்தில் அது இயற்கை என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மூன்றாம் முறை இறங்கும்போது கால் வழுவியது. ஒரு கை பெர்த்தின் சங்கிலியில், ஒரு கால் அந்தரத்தில். ஒரு நொடிதான், சமாளித்துக்கொண்டாள். பாட்டி விழித்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த தெலுங்கிலேயே ஏதோ அதட்டி, அவளைத் தம் படுக்கையில் கிடத்திவிட்டு, தாம் காலடியில் உட்கார்ந்துகொண்டார். நடு பெர்த் விரித்திருக்கும்போது கீழே நிமிர்ந்து உட்கார இயலாது என்பது உங்களுக்குத் தெரியும். விடியும்வரை அந்த மூதாட்டி கழுத்தைக் கவிழ்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் உறங்கவில்லை. உறங்குபவன்போல் கண்களை மூடிக் கிடந்தேன். இப்போது எழுந்தால் முன்பே எழுந்திருக்கலாமே என்பார்கள் என்ற வெட்கம் என்னை எழவிடவில்லை. முதலில் செய்த தவற்றைவிட இந்த வெட்கம் செய்த தவறே பெரிது.

காலையில் அந்தப் பெண் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் பகிர்ந்தாள். எனக்கும் ஒரு பங்கு வைத்து, "அண்ணா, சாப்பிடுங்கள்" என்றாள். வாங்க மறுக்கவும் வெட்கம். வாங்கி உண்ணவும் வெட்கம். உண்டேன். அந்தப் புளிப்பு இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

அன்பர்களே! இனி என் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு ஒதுக்கிய இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழ மறுத்தால், அவரை அகற்றலாம். 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே இடம் என்னுடையது என்பதில் ஐயமில்லை. அதே சட்டத்தின் 53ஆம் பிரிவு, ஒருவர் பெயரில் தந்த டிக்கெட்டைப் பிறருக்கு மாற்றக் கூடாது என்று விதித்துவிட்டு, ஒரே ரயிலில் செல்லும் பயணிகள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்வதை அது தடுக்காது என்றும் சொல்லி வைத்திருக்கிறது. பார்த்தீர்களா! கொடு என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கொடுப்பதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவின் வழியே போவதும் போகாததும் நம் மனத்தைப் பொறுத்தது.

அடுத்து, இடத்தின் கணக்கைப் பாருங்கள். 72 படுக்கைகள் கொண்ட ஸ்லீப்பர் பெட்டியில் கீழ் பெர்த்துகள் 18, பக்கவாட்டுக் கீழ் பெர்த்துகள் 9, ஆக 27தான். மீதி 45 பேர் நடுவிலோ மேலேயோதான் படுத்தாக வேண்டும். மூத்த குடிமக்கள், 45 வயது நிறைந்த பெண்கள், கருவுற்ற பெண்கள் ஆகிய மூவகையாருக்கும் சேர்த்து ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறு அல்லது ஏழு கீழ் பெர்த்துகளை ரயில்வே ஒதுக்கியிருக்கிறது. மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியில் நான்கு அல்லது ஐந்து; இரண்டடுக்கில் மூன்று அல்லது நான்கு. தேவைப்படுவோர் கூட்டமோ பெரிது. ஆகவே விதி எவ்வளவு நல்லதாயினும், அது எட்டாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் அடுத்த பெர்த்தில் படுத்திருக்கும் மனிதர்தாம்.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமான் வந்தால் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைக் கண்டால் எந்தப் போர்ட்டரும் அதன்மேல் மூட்டை அடுக்கமாட்டார். கூலி கூடுதலாகக் கேட்பதும் இல்லை. ஒரு பெட்டிக் கண்ணாடிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, உயிரைச் சுமந்து வரும் ஒரு பெண்ணுக்கு என்னிடம் கிடைக்கவில்லையே என்று பல நாள் ரசீது எழுதும்போது நினைத்திருக்கிறேன்.

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றுதானே, ஏன் தனித்தனியே வைத்தார் என்று சிறு வயதில் எண்ணியதுண்டு. என் சிற்றறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. பலரும் கூடி வாழும் இடத்தில் முறையறிந்து ஒருவர்க்கொருவர் உதவி நடப்பது ஒப்புரவு. கருவுற்ற பெண் நம்மிடம் இரப்பவள் அல்லள். அவளும் டிக்கெட் வாங்கியவள். அவளுக்குப் படுக்கையை மாற்றித் தருவது தருமம் அன்று, ஒப்புரவு. இதை உணர்ந்தால் கொடுப்பவனுக்குக் கர்வம் வராது. பெறுபவளுக்குக் கூச்சமும் வராது.

ஆனால் எல்லோரும் எப்போதும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டி கொடுத்திருக்கவே கூடாது. கொடுக்கும்படி நான் விட்டுவிட்டேன். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பார்வைக்கு வாட்டசாட்டமாக இருக்கலாம். இதய நோய் சட்டைக்கு வெளியே தெரிவதில்லை. அப்படிப்பட்டவர் "இயலாது" என்றால் அந்த ஒரு சொல்லே போதும். காரணம் கேட்டு அவரைக் குற்றவாளியாக்கலாகாது. அதுபோலவே, கருவுற்ற முதல் மாதங்களில் வயிறு தெரியாது. மயக்கமும் குமட்டலும் மட்டும் இருக்கும். ஒரு பெண் தன் நிலையைச் சொல்லும்போது "பார்த்தால் தெரியவில்லையே" என்று கேட்பது பண்பன்று.

பெர்த்தை முழுதும் விட முடியாதவர்க்கும் வழி உண்டு. பகலில் சற்று நேரம் அவளைப் படுக்கவிட்டு நாம் ஓரமாக உட்காரலாம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்பதே இப்போது படுப்பதற்கு விதித்த நேரம். அந்த நேரத்துக்கு மேலும் நோயாளிகளும் மாற்றுத் திறனாளிகளும் கருவுற்ற பெண்களும் படுத்திருக்க வேண்டுமானால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டிலேயே ரயில்வே கேட்டுக்கொண்டது. ஆறு மணி அடித்ததும் "எழுந்திரு அம்மா" என்று எழுப்புவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. இதைக் காலனிக் குடும்பங்களுக்குச் சிறப்பாகச் சொல்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டுக்குப் போவது வழக்கம். பிறர் கருணையை நம்பி ரயிலேறாதீர்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது; வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே டிக்கெட்டுக்கும் நாள் குறித்துவிடுங்கள். மருத்துவரின் சான்றை எடுத்துக்கொண்டு முன்பதிவுக் கவுண்டருக்கே நேரில் சென்று, கருவுற்றோருக்கான ஒதுக்கீட்டில் கேளுங்கள். அந்த வயதில் பயணம் செய்யலாமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியும் மேல் பெர்த்தே வாய்த்தால், காலியாகும் கீழ் பெர்த்தை இத்தகையோருக்குக் கொடுக்க டி.டி.ஈ.க்கு அதிகாரம் உண்டு, தயங்காமல் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டும். கேட்கும்போது அவர் படுக்கையில் முதலில் உட்கார்ந்துகொண்டு பிறகு கேட்பது முறையன்று. நின்று, நிலையைச் சொல்லி, அவர் மறுத்தாலும் முகம் கோணாமல் இருக்க வேண்டும். பல்லார்ஷாவில் ஏறிய அந்தத் தம்பி அப்படித்தான் கேட்டான். குறை அவனிடம் இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். மொழி தெரியாமல் வந்து இறங்கிய நாளில், நம் பெற்றோருக்கு வீடு காட்டியவரும், ரேஷன் கடைக்கு வழி சொன்னவரும், பிரசவ வலி கண்ட இரவில் ஆட்டோ பிடித்துத் தந்தவரும் நம் மொழி பேசியவர் அல்லர். அந்தத் தெலுங்குப் பாட்டிக்கும் தமிழ் தெரியாது; அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாது. மொழி தெரிந்த நான் ஒருவன் அங்கே இருந்தேன். என்னால் பயன் இல்லை. தமிழனுக்குத் தமிழன் உதவ வேண்டும் என்று ஆண்டுதோறும் இந்த மேடையில் பேசுகிறோம். அது பேச்சாக நின்றுவிட்ட ஓர் இரவை நான் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

அதன் பிறகு சில முறை இடம் மாறிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பழைய கடனுக்கு வட்டி கட்டுவதாகவே எண்ணுகிறேன். அசலை அடைக்க வழியில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கும். அது நலமாக இருக்க வேண்டும் என்று ரயில் ஏறும் ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் விடுமுறையில் நம்மில் பலர் ஊருக்குப் புறப்படுவோம். கீழ் பெர்த் கிடைத்தவர்கள், மகிழ்ச்சியோடு படுப்பதற்கு முன் ஒரு முறை தலையை உயர்த்தி, மேல் பெர்த்தில் ஏறப் போகிறவர் யார் என்று பாருங்கள். இதுவே என் வேண்டுகோள்.