யாருடையது?



"அம்மாஸ் பாக்", "அண்ணாஸ் கார்." ரொறன்ரோவில் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பிள்ளை தமிழை மறந்துவிட்டது என்று கவலைப்படுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்று இன்னொருவருக்கு உரியது என்பது அதற்கு நன்றாக விளங்குகிறது. ஒட்டவேண்டிய உருபைத்தான் ஆங்கிலத்திலிருந்து எடுத்திருக்கிறது.

உடனே "அம்மாவினுடைய என்று சொல்லு" என்று திருத்துகிறோம். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? எங்கட வாயில் வருவது என்ர, உன்ர, அம்மாவின்ர. அங்கேயிருந்து தொடங்குங்கள். "அம்மாவின்ர" என்பதில் கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் எழுத்துத் தமிழின் "அம்மாவின்" வந்துவிடும்.

அடுத்த படிதான் கடினம். ஆங்கிலத்தில் பெயர் மாறாது. பின்னால் ஒரு குறியும் ஓர் எஸ்ஸும் போதும். (அந்தக் குறிக்கும் சோதனை வந்ததுண்டு. 1964 இல் ஹமில்ரனில் தொடங்கிய ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையின் பழைய பலகைகளில் அது இருந்தது. கியூபெக்கின் பிரெஞ்சுமொழிச் சட்டத்தால் பிறகு எடுத்துவிட்டார்கள்.) தமிழில் பெயரே உருமாறுகிறது: வீடு வீட்டின், ஆறு ஆற்றின், மரம் மரத்தின். "மரமின் இலை" என்று எழுதும் பிள்ளையை ஏசவேண்டாம். "பழம் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். "மரத்தில" என்று சொல்லும். அந்த "மரத்து" தான் இங்கேயும் வருகிறது என்று காட்டினால் போதும். சனிக்கிழமை வகுப்பின் இரண்டரை மணித்தியாலத்தில் ஆசிரியர் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. இதைச் சாப்பாட்டு மேசையில் செய்யலாம்.

கணக்காளனாகிய எனக்கு ஆறாம் வேற்றுமையில் தனிப் பிரியம். எங்கள் தொழிலிலும் தொகையைப் பார்க்குமுன் அது யாருடையது என்றுதான் கேட்போம். நன்னூல் இந்த உரிமையைக் கிழமை என்கிறது. அதில் இரண்டு வகை. "தம்பியின் கை" தற்கிழமை. கை அவனோடு ஒன்றானது. "தம்பியின் பந்து" பிறிதின்கிழமை. பந்து அவனைவிட்டு வேறானது, கைமாறக்கூடியது. பழைய இலக்கணப்படி "எனது வீடு" சரி, "எனது மகன்" பிழை. "அது" என்ற உருபு அஃறிணைப் பொருளுக்கே உரியது. மகனை "என் மகன்" என்றுதான் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்த விதி இது.

பலருடைய லாச்சியில் ஊர்க்காணி உறுதி ஒன்று கிடக்கும். இத்தனை பரப்பு, வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே இன்னாரின் மகளின் காணி என்று அது போகும். யாரின் என்பதைப் பிரித்தறியாத பிள்ளைக்கு அந்தத் தாளில் ஒன்றும் விளங்காது. ஒருநாள் எடுத்துச் சேர்ந்து வாசியுங்கள். பெயர், கை, பந்து, காணி என்று எழுதிக்கொடுத்து, எது எந்தக் கிழமை என்று பிரிக்கச் சொல்லுங்கள். விட்டுவந்த வீட்டை எதில் சேர்ப்பது என்று பிள்ளை கேட்கும். அப்பா ஒன்று சொல்வார், அம்மம்மா வேறொன்று சொல்வா. இரண்டையும் பிள்ளை கேட்கட்டும்.