கற்பூரம் என்னும் சொல்



தீபாராதனைக் கற்பூரத்தை அறியாதார் இல்லை; அச்சொல் பிறந்த இடத்தை அறிந்தார் சிலரே. ‘கர்ப்பூரம் வடசொல், அதுவே தமிழிற் கற்பூரமாயிற்று’ என்பர். அது பாதி வழியே. பழங்காலத்தார் போற்றிய கற்பூர மரம் பாரத நாட்டில் இயல்பாக வளர்வதன்று; சுமத்திரா, போர்னியோ, மலாய்க் காடுகளில் 150 அடிக்கு மேலும் ஓங்குவது. அதன் வயிரப் பிளவுகளில் வெண்பளிங்காய் உறைவதே பச்சைக் கற்பூரம். எல்லா மரத்திலும் இராது. வெட்டிப் பிளந்தாலன்றித் தெரியாது.

மலாய் மொழியில் அதற்குக் ‘காப்பூர்’ என்று பெயர். சுண்ணாம்புக்கும் அதுவே பெயர். வெண்மை கண்டு இட்டனர் போலும். இச்சொல்லே வடமொழியிற் கர்ப்பூரம், அரபியிற் காபூர், இலத்தீனிற் காம்போரா எனத் திரிந்ததென்பது மொழிநூலார் பலர் கொள்கை. சுவர்க்கத்துப் பானத்திற் கலந்திருப்பதாகத் திருக்குர்ஆன் கூறுவதும் இக்காபூரே.

தமிழர் இதில் வெறும் கொள்வோர் அல்லர். சுமத்திராவின் மேல்கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறைக்கு அருகே லோபு துவாவில், கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நாட்டியவர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் எண்ணும் கற்பூர வகைகளுள் ‘வாறோசு’ என்பதும் ஒன்று; அது பாரூஸே. ஊர்ப்பெயரே சரக்கின் பெயராயிற்று.

இத்தனை மொழிகளிற் பரந்த சொல், அப்பொருள் விளைந்த காட்டிலோ வாய்விட்டுச் சொல்லப்படவில்லை! போர்னியோவின் காயான் மக்கள் முன்னாளில் கற்பூரம் தேடிச் செல்லுங்கால் அதன் இயற்பெயரைக் கூறாதிருந்தனர். ‘மணப்பது’ என்றே குறித்தனர்.