இருபத்தாறு வயசுல புது வீடு

பூனை வளர்க்கணும்னு கிளம்புறவங்க குட்டியாப் பார்த்துத்தான் தூக்கிட்டு வருவாங்க. கிழட்டுப் பூனையை யாருங்க கேட்பா?

இங்கிலாந்துல ஒரு அம்மா கேட்டாங்க. 2022-ஆம் வருஷம். பூனை பேரு ஃப்ளாஸி, வயசு 26. மனுஷக் கணக்குல நூறைத் தாண்டிடும்! ஆஸ்பத்திரி பக்கத்துல தெருப்பூனையா இருந்ததை, அங்க வேலை பார்த்தவர் எடுத்து வளர்த்தார். அவருக்குப் பிறகு அவரோட சகோதரி. அந்தம்மாவும் போனதும் அவங்க மகன். கடைசியில காப்பகம். காது கேட்காது, கண்ணும் சரியாத் தெரியாது. அதைத்தான் இந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உயிரோட இருக்கிற பூனைகள்லயே மூத்தது இதுதான்னு அந்த நவம்பர்லயே கின்னஸ் அறிவிச்சுடுச்சு.

வயசான பூனைன்னா குணம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும். குட்டி நாளைக்கு எப்படி மாறும்னு யார் கண்டா? வயசான பூனை வந்த புதுசுல கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கும். இழுக்காதீங்க, தானா வரும். தண்ணி திடீர்னு அதிகமாக் குடிச்சா சிறுநீரகக் கோளாறா இருக்கலாம். கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. நம்ம காய்ச்சலுக்குப் போடுற பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துடாதீங்க. ஒரே மாத்திரை பூனையோட உயிரை எடுத்துடும்.