புற்றுநோய் போல மயக்கும் ஓர் இரத்தக் கோளாறு



உடல்நலம் குறித்துப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் ஓர் எண்ணைப் பற்றி மட்டும் கூற விழைகிறேன்.

வெள்ளையணுக்களுள் ஒருவகை லிம்போசைட். வளர்ந்தவர்க்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 4,000-க்கு உட்பட்டிருக்கும். நடுவயதினர் ஒருவருக்குப் பல மாதங்கள் இது மிகுந்தே இருப்பின், மருத்துவர் முதலில் ஐயுறுவது நாட்பட்ட இரத்தப் புற்றுநோயையே. அவ்வையம் தவறன்று. ஆயினும், புற்றுநோயல்லாத ஒரு நிலையும் இவ்வாறே தோன்றும். 1982-இல் மருத்துவ உலகிற்கு அறிமுகமான அதற்கு 'நிலைத்த பல்குல பி-லிம்போசைட் பெருக்கம்' எனலாம். இதற்கு ஆளாவோருள் மிகப் பெரும்பாலோர் புகைபிடிக்கும் நடுவயதுப் பெண்கள். உடன்பிறந்தாரிடமும் சிலவேளை காணப்படுவதால் மரபுக்கூறும் இதில் உண்டு.

இதனைக் கண்டறியும் வழி வியப்பானது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் நோக்கினால், ஒரே அணுவினுள் இரண்டு உட்கருக்கள் தென்படும். அணுக்களை எண்ணும் இயந்திரம் இதனை எடுத்துரைக்கும் என நம்பியிருத்தல் ஆகாது. ஒருவர் அமர்ந்து பொறுமையாகப் பார்த்தல் வேண்டும். அடுத்தது ஃப்ளோ சைட்டோமெட்ரி. பி-லிம்போசைட் ஒவ்வொன்றும் கப்பா, லாம்டா என்னும் இரு புரதங்களுள் ஒன்றையே தாங்கும். புற்றுநோய் ஓர் அணுவின் வழித்தோன்றலாதலின், அதில் ஒருவகையே மேலோங்கும். இங்கோ இரண்டும் கலந்திருக்கும். குருதியில் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்புரதமும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். குரோமோசோம் ஆய்வில் மூன்றாம் குரோமோசோமில் மாற்றம் காணப்படுதலும் உண்டு. அது கண்டு உடனே புற்றுநோய் என முடிவுகட்டிவிடலாகாது.

இந்நிலைக்குப் புற்றுநோய் மருந்துகள் வேண்டா. புகைத்தலை விட்டால் சிலர்க்கு எண்ணிக்கை குறைகிறது. அரிதாகச் சிலர்க்குப் பின்னாளில் நிணநீர்ப் புற்று தோன்றியமையால், ஆண்டுதோறும் பரிசோதனை தொடரவேண்டும்.

நம் நாட்டில் பெண்களிடம் "புகைப்பதுண்டா?" என வினவ மருத்துவரும் கூசுவர். மாமியாரும் கணவரும் அருகிருக்க வினவினால் எப்பெண் உண்மை உரைப்பாள்? அறையில் மறைக்கப்படும் அவ்வொரு விடையால், வேண்டாத எலும்புமச்சைச் சோதனையும் வீண் அச்சமும் விளையக்கூடும். ஆதலால், துணைக்குச் செல்லும் பெரியோர் சிறிதுபொழுது வெளியே அமர்ந்திருங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் தேதி வரிசையில் உடன் கொடுத்தனுப்புங்கள். எண்ணிக்கை எத்தனை ஆண்டுகளாக மிகுந்துள்ளது என்பதை அவையே காட்டும்.