கீச்சன் காட்டும் அபயதானம்



ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு. இவற்றுள் முதலிரண்டும் பிரியாதவை என்பதற்கு ராஜஸ்தானத்தில் பலோதி அருகிலுள்ள கீச்சன் சிற்றூர் சான்று. மங்கோலியா முதலிய வடபுலங்களிலிருந்து, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான குர்ஜாக் கொக்குகள் அங்கு வந்தடைகின்றன. சமணக் குடும்பங்கள் முன்னின்று, வேலியிட்ட களத்தில் நாள்தோறும் தானியம் இறைக்கச் செய்கின்றன. ஊர்க் குளங்கள் நீர் அளிக்கின்றன.

ஆயினும், இரை நாடி வந்த பறவைகள் மின்கம்பிகளில் மோதி மாண்டன. உணவிட்டவர்க்கே காக்கும் கடனும் உண்டென உணர்ந்த ஊரார், கம்பிகளை அகற்றக் கோரினர், அடிபட்டவற்றுக்கு மருந்திட்டனர். 2025-இல் கீச்சன் ராம்சர் ஈரநிலமாயிற்று.

தமிழ்ச் சமணர் வாழும் ஊர்களின் ஏரிகளையும் பறவைகள் நாடுகின்றன. அந்நீரையும் கரைமரங்களையும் ஊரோடு கூடிக் காப்பதே சாவகர்க்குரிய அபயதானம்.

அறம் வளர்க!