நடராசா என்னும் நாமம்



ஒல்லாந்தர் இப்பகுதியைக் கைக்கொண்ட காலத்தில் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அப்பெயர்களை இன்று வழங்குவார் இலர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் ஏடுகளில் நிலைத்துவிட்டது. ஆயினும் எமது நாவில் இவ்வூர் நெடுந்தீவுதான். பொருள் விளங்கிய பெயரை மக்கள் எளிதிற் கைவிடார்.

ஆட்பெயர்க்கும் இது பொருந்தும். மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில், பேதுரு என்றால் பாறை என்று எமக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல பாடம் அது. அவ்வாறாயின், எமது பாட்டன்மார் தாங்கிய பெயர்களுக்குப் பொருள் என்ன என்று தேடுவதும் எமது கடனன்றோ? இன்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: நடராசா.

வடமொழியில் நடன் என்பான் கூத்தாடுபவன். ராஜன் என்பான் அரசன். ஆடுவோர்க்கெல்லாம் அரசன் என்பது இப்பெயரின் பொருள். சொல் வடசொல்லேயாயினும் அதன் பொருள் தமிழ் மண்ணில் வேரூன்றியது. திருவாலங்காட்டில் இறைவன் ஆடிய கூத்தைக் காரைக்காலம்மையார் தமிழிலே பாடினார். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அப்பெருமானை ஆடவல்லான் என்கின்றன. அங்கே நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ஆகவே, வடசொல்லா தென்சொல்லா என்று வழக்காடி நாம் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

இப்பெயர்க்கு உறவான பெயர்களும் பல உள. அம்பலவாணர், பொன்னம்பலம், கனகசபை, சபாபதி, தில்லையம்பலம் ஆகிய யாவும் சிதம்பரத்துக் கூத்தைக் குறிப்பனவே. அம்பலமும் சபையும் அவர் ஆடும் மன்று. தில்லை அம்மன்று அமைந்த தலம். கடல் கடந்து சிதம்பரம் செல்ல முடியாதவரும் தம் பிள்ளையை அழைக்கும்போதெல்லாம் அத்தலத்தை நினைந்தனர். கொழும்பு கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கோயிலில் எழுந்தருளியிருப்பவரும் பொன்னம்பலவாணேசுவரரே.

ஆடுவது எதற்காக? திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் இதற்கு விடை கூறுகின்றது. உடுக்கை படைத்தலைக் குறிக்கும்; அமைத்த கை காத்தலைக் குறிக்கும்; கையிலேந்திய தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். மிதியுண்டு கிடக்கும் முயலகன் எமது ஆணவம். ஐந்தொழிலும் ஓர் உருவில் அடங்கின. அவ்வுருவம் ஒரு பெயரில் அடங்கிற்று.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918 ஆம் ஆண்டு சிவ நடனம் என்னும் ஆங்கில நூலால் இதனை மேனாட்டார்க்கு விளக்கினார். 2004 ஆம் ஆண்டு இந்திய அரசு வழங்கிய நடராச வடிவம் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில் நிற்கின்றது. அணுவின் உள்ளே ஓயாத அசைவை ஆராய்வோர் அதனைக் கடந்து செல்கின்றனர்.

இனி, எமது நிலையைச் சிந்திப்போம். போரினாலும் பிழைப்பின் பொருட்டும் தீவகத்தார் பலர் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் எனச் சிதறிவிட்டனர். எமது வழக்கிலே தந்தையின் பெயர் முன்னே நிற்கும். ஒரு தலைமுறையோடு அது மாறும். அந்நாடுகளிலோ அதுவே குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளைகளையும் தொடர்கின்றது. நடராசா என்னும் பெயரை அங்கே பாடசாலை இடாப்பில் தாங்கும் சிறுமிக்கு அது எழுத்துக் கூட்டக் கடினமான ஒரு சொல் மாத்திரமே. இங்கேயோ எண்சாத்திரம் பார்த்து, ஓசைக்காகப் பெயர் தெரிகின்றோம். அங்கே பெயர் இருக்கிறது, பொருள் இல்லை; இங்கே பெயரே மறைகின்றது.

பழைய பெயர்களையே இடுங்கள் என்று நாம் வற்புறுத்தவில்லை. எப்பெயரை இட்டாலும், பிள்ளை கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பொருள் இருக்கட்டும் என்றே வேண்டுகின்றோம். பெரியோர்களே, மார்கழித் திருவாதிரை நாளிலே, தொலைபேசியிலேனும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் தாங்கும் பெயரின் கதையைச் சொல்லுங்கள். தோழர்களே, சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே நாம் கேட்டு எழுதி வைப்போம்.